ஓட்டைப் பானையும் வெட்டிவேர்த் தட்டியும்

பங்குனி பிறந்தாலே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். வேலை இன்னும் தொடங்கியிருக்காது. தொடங்கப் போகிறது என்ற நினைப்புக்கே வலிக்கும். பரணில் கிடக்கும் தட்டியை இறக்க வேண்டும், போன வருஷத்து வேரை உதற வேண்டும், கரையான் அரித்த மூங்கில் பட்டைகளை மாற்ற வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் வெட்டிவேர் வாங்கி வந்து, மண் போக அலசி, இரண்டு மூங்கில் சட்டங்களுக்கு நடுவே மெத்தை மாதிரி பரப்பி, கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு அதை மேற்குச் சன்னலில் தூக்கி மாட்ட வேண்டும். மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் தட்டி கட்டாதவர்கள். அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊற்றுகிற வேலை. தட்டி நனைந்திருந்தால்தான் அதன் வழியாக வருகிற காற்று குளிரும். காய்ந்துவிட்டால் அது வெறும் குப்பைத் திரை. நல்ல வெயிலில் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

இந்தத் தொழில் எனக்குத் தெரிந்தது கச்சேரியில், சர்க்கார் ஆபீசில். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் நான் அங்கே சேவகன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம். கோடையில் பெரிய அதிகாரிகளின் அறைச் சன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டுவார்கள். அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. உள்ளே இருப்பவருக்குக் குளிரும். வெளியே வெயிலில் வாளியோடு நிற்கிற எனக்கு அந்த வாசனை மட்டும் கிடைக்கும். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு அதிகாரிகள் மாறினார்கள், அறைகளுக்கு மின்விசிறி வந்தது, தட்டிகளைக் கழற்றிப் பின்பக்கம் போட்டார்கள். நான் மட்டும் மாறவில்லை. சேவகன் என்பதைப் பியூன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அதற்கு மறுவருஷம் தை மாதம் என் மனைவிக்கு அந்த விபத்து நடந்தது.

அவள் பிறந்த ஊர் ஆவுடையார்கோவிலுக்குப் பக்கம். அறுப்பு முடிந்து நெல் அவிக்கிற நேரம் என்று உதவிக்குப் போயிருந்தாள். அண்டாவில் நெல் வெந்து இறக்கும்போது அடுப்புக் கல் நழுவிவிட்டது. கொதிநீரும் ஆவியுமாக முதுகு, கழுத்து, இரண்டு கைகள் எல்லாவற்றிலும் கொட்டிவிட்டது. மூன்று மாதம் வாழையிலையில் படுக்க வைத்துப் பார்த்தோம். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து, எங்கள் ஊர்ச் சிவனை நினைத்து, "இவளைத் திருப்பிக் கொடு, கத்திரிக்கு உனக்குத் தாராப் பாத்திரம் செய்து போடுகிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். சித்தன்னவாசல் ரோட்டில் இருந்து பிரிந்து போனால் எங்கள் ஊர். சின்னக் கோவில்தான். கத்திரி வெயில் இருபத்தைந்து நாளும் லிங்கத்துக்கு மேலே அடியில் துளை போட்ட செம்புப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்வது வழக்கம். துளையில் தர்ப்பைப் புல்லைச் செருகியிருப்பார்கள், தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கும். எங்கள் கோவிலில் இருந்த பழைய பாத்திரம் அடி தேய்ந்து வீணாகிவிட்டது.

சுவாமி திருப்பிக் கொடுத்தார். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"புண் ஆறிருச்சு. ஆனா வெந்த தோலுல இனிமே வேர்க்காது. வேர்வை போற துவாரமே அடைஞ்சு போச்சு. உடம்புச் சூடு உள்ளயே நிக்கும். வெயில் காலத்துல ரொம்ப ஜாக்கிரதை. மயக்கம் போட்டா சும்மா தூக்கம்னு விட்டுறாதீங்க, உயிருக்கே ஆபத்து."

நான் வந்து அவளிடம் சொன்னேன், கொஞ்சம் குறைத்துத்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "எங்க ஊருச் சாமிக்குச் சோத்து ஆவிதானே படையல். எனக்கு அதே ஆவிய மேல கொட்டி அனுப்பிட்டாரு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த முதல் கோடையை எப்படிக் கடந்தோம் என்று இப்போது நினைத்தாலும் அலுப்பாக இருக்கிறது. புதுக்கோட்டையில் நாட்டு ஓடு போட்ட வாடகை வீடு. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஓடு சுடும், ஓட்டுக்குக் கீழே உள்ள காற்று சுடும், தரை மட்டும் கொஞ்சம் சும்மா இருக்கும். அவள் தரையில் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடப்பாள். மற்றவர்களுக்கு வேர்த்து ஊற்றும், அவள் கழுத்தும் கையும் மட்டும் காய்ந்த தோலாக இருக்கும், தொட்டால் கொதிக்கும். மூன்று தடவை மயக்கம் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பேச்சு திரும்ப வருகிறவரை நான் பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டு அவள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுவருஷம்தான் எனக்குக் கச்சேரித் தட்டி நினைவுக்கு வந்தது. பின்பக்கம் மழையில் மட்கிக் கிடந்ததில் ஒரு சட்டம் நன்றாக இருந்தது. கேட்டு வாங்கித் தலையில் வைத்து எடுத்து வந்தேன். எங்கள் சன்னலைவிட அது பெரிது. சன்னலை இடிக்க முடியாது என்று சட்டத்தைக் குறைத்தேன். முதல் நாள் ஈரத் தட்டி வழியாக மேல்காற்று உள்ளே வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, "இத்தனை வருசமா இந்தச் சொகத்தையா அந்த ஆபீசருங்களுக்கு ஊத்திக்கிட்டு இருந்தீங்க?" என்றாள்.

ஆனால் நான் பகலில் கச்சேரியில் இருப்பேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இவளுக்கோ வெந்த கை தோளுக்கு மேலே எழும்பாது, அக்குளில் தோல் சேர்ந்து இழுத்துக்கொண்டது. தட்டிக்கு யார் ஊற்றுவது?

பக்கத்து வீட்டுப் பெண் ஊற்றினாள். என் மனைவியைவிடப் பத்து வயது இளையவள், இவளை அக்கா என்பாள், என்னை அண்ணே என்பாள். வாய் அதிகம், மனசும் அதிகம். வெளிப்பக்கம் ஒரு தொட்டியில் நான் காலையில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போவேன். அவள் வேலைக்கு நடுவே வந்து சொம்பால் மொண்டு தட்டியில் வீசிவிட்டுப் போவாள். மழை பொய்த்த வருஷங்களில் அதுவும் பெரிய பாடு. எங்கள் சந்துக்கு ஒரே கிணறு. விடியும் முன்பே குடங்கள் வரிசையாக நிற்கும். நான் எட்டாவது குடத்தை இறைக்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள்.

"நமக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. இங்கிட்டு ஒருத்தரு சன்னலுக்குக் குளிப்பாட்டுறாரு."

"குளிப்பாட்டட்டும்டி. நாளைக்குச் சன்னலுக்குச் சீயக்காயும் தேச்சு விடுவாரு."

நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பேன். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குடிக்கிற தண்ணீரை வேரில் ஊற்றுகிறோமே என்று எனக்கே உறுத்தும். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது சிவசிவா என்று சொல்லிக்கொண்டு வருவேன். பக்தியும் உண்டு, மூச்சு வாங்குவதும் உண்டு.

கையில்லாமல் தானாக ஊறுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று யோசித்து மண்ணெண்ணெய் டின் ஒன்றில் துளை போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தேன். எத்தனை முறை கழுவியும் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. வெட்டிவேரும் மண்ணெண்ணெயும் சேர்ந்த வாடையில் அவள் வாந்தி எடுத்தாள். துளை துருப்பிடித்துப் பெரிதாகி, பத்து நிமிஷத்தில் டின் காலியானது. அதைத் தூக்கிப் போட்டேன். மண்பானை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஆனால் மண்பானையில் ஓட்டை போடுவதை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஏன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளி வைக்கப் போகிறவன் தோளில் தண்ணீர்க் குடத்தோடு பிணத்தைச் சுற்றி வருவான். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வருகிறவர் குடத்தைக் கொத்தி ஓட்டை போடுவார். தண்ணீர் ஒழுகும். என் அப்பாவுக்கு நான் அப்படிச் சுமந்திருக்கிறேன். முதுகு நனைந்த அந்தச் சில்லிப்பு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

இப்படியே நாலைந்து கோடை போனது. வேண்டுதல் மட்டும் நிறைவேறாமல் நின்றது. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒரு செலவு முன்னால் வந்து நிற்கும். கடைசியில் ஒரு பங்குனியில் கன்னாரிடம் சொல்லிச் செம்பில் தாராப் பாத்திரம் அடித்து வாங்கினேன். நல்ல கனமான வேலை. கழுத்தில் மூன்று வளையம், மூன்று சங்கிலி, அடியில் நெல்மணி நுழைகிற அளவு துளை. வயிற்றில் 'உபயம்' என்று வெட்டி, கீழே எங்கள் இருவர் பெயரையும் வெட்டியிருந்தார். கத்திரி தொடங்குகிற அன்று ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி மாடத்தில் வைத்தோம். அவள் தினமும் அதற்கு ஒரு பூ வைப்பாள்.

அந்த வருஷம் வெயில் கத்திரிக்காகக் காத்திருக்கவில்லை. பங்குனிக் கடைசியிலேயே நெருப்பாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். தட்டி முறுகிக் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அம்மன் கோவில் திருவிழாவுக்குப் போனவள் கூட்டத்தில் மாட்டிக்கொண்டாளாம், அது பிறகு தெரிந்தது. என் மனைவி தட்டிக்கு நேரே தரையில் கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் தெரியவில்லை. நெற்றியில் கை வைத்தேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. தொட்டியில் இருந்த தண்ணீர் முழுவதையும் அவள் மேல் ஊற்றினேன். விசிறினேன். மறுபடி கிணற்றுக்கு ஓடினேன். மூன்றாவது குடத்துக்குப் பிறகு உதடு அசைந்தது.

உயிர் வந்தது. ஆனால் இரண்டு மணிக்கு நான் திரும்பக் கச்சேரியில் நிற்க வேண்டும். லீவு சொல்லி அனுப்ப ஆள் இல்லை. அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். சாமி மாடத்தில் மஞ்சள் துணி தெரிந்தது.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். "சிவனே, கத்திரி வரைக்கும் இரவல் கொடு" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். விட்டத்தில் கயிறு போட்டுத் தட்டிக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். ஒரே இடத்தில் சொட்டினால் தட்டி முழுதும் நனையாது. அதனால் பிளந்த மூங்கில் ஒன்றில் வரிசையாக ஆணியால் துளை போட்டுத் தட்டியின் தலையில் கட்டினேன். பாத்திரத்தில் இருந்து விழுகிற சொட்டு மூங்கிலில் ஓடி, தட்டி முழுவதும் பரவி இறங்கியது. தர்ப்பை இல்லை, துடைப்பத்தில் இருந்து நாலு ஈர்க்கை உருவிக் கழுவித் துளையில் செருகினேன். சாயங்காலம் வந்து பார்த்தபோதும் தட்டி ஈரமாக இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அது என்ன?"

"எது?"

"எதுவா? மேல தொங்குதே, அது. சாமிக்குன்னு அடிச்சதுதானே?"

"ஆமா. ஒனக்கு மயக்கம் வந்துருச்சு புள்ள. வேற வழி தெரியல."

"அதுக்கு? சாமி தலையில சொட்ட வேண்டியத என் தலையில சொட்ட விடுவீங்களா? அடியில தொடப்பங்குச்சி வேற."

"கத்திரி வரைக்குந்தான். அப்புறம் வெளக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துருவோம். சாமிக்குத் தெரியாதா நம்ம கஷ்டம்?"

"சாமிக்குத் தெரியும். எனக்குத்தான் அது தெரிஞ்சும் இங்க ஒக்கார முடியாது."

சொன்னவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அங்கே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் கெஞ்சினேன். அதட்டினேன். மகளை விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அசையவில்லை. பாத்திரத்தைக் கழற்றிவிடலாம் என்றால், கழற்றிவிட்டு நாளைக்கு நான் கச்சேரிக்குப் போன பிறகு மறுபடி விழுந்தால் என்ன செய்வது? எனக்கும் வீம்பு வந்தது. தொங்கட்டும், தானாக வந்து உட்காருவாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் யாருமில்லாத அறை குளுகுளு என்று கிடந்தது. அவள் அடுப்படியில் வெந்தாள். நான் கச்சேரியில் எந்தக் காகிதத்தை எங்கே கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் வந்தேன். செம்புப் பாத்திரம் விட்டத்தில்தான் இருந்தது, ஆனால் அதில் தண்ணீர் இல்லை. கீழே தரையில் ஒரு புது மண்பானை இருந்தது. தெருவில் விற்க வந்த பானைக்காரியிடம் வாங்கியிருக்கிறாள். பானையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஆணியை அடிக்காமல் திருகித் திருகி அடியில் துளை போட்டிருக்கிறாள். அந்தக் கையால் எவ்வளவு நேரம் திருகினாளோ! விரலில் கொப்புளம் இருந்தது. பக்கத்தில் ஒரு பானை உடைந்து ஓடாகக் கிடந்தது, அது முதலில் முயன்றது போல. துளையில் பழைய சேலைத் துணியைத் திரியாக முறுக்கிச் செருகியிருந்தாள்.

"என்ன புள்ள இது?" என்றேன்.

"பானை."

"தெரியுதுல்ல இது என்னன்னு? வீட்டுக்குள்ள வைக்கிற பொருளா இது?"

"என்னைக்காச்சும் ஒருநாள் எனக்குன்னு ஒரு பானைய ஓட்டை போடத்தானே போறீங்க. அது முன்னாடியே வந்து கொஞ்ச நாள் வேலை செய்யட்டும். எனக்கு இல்லாத ஓட்டை அதுக்காச்சும் இருக்கட்டும்."

"வாயைக் கழுவு."

"சாமி பாத்திரம் சாமிக்கு. இது எனக்கு. கை எந்திரிக்கல, இல்லேன்னா நானே கட்டியிருப்பேன். நீங்கதான் கட்டணும்."

நான் சாப்பிடாமல் திரும்பிப் போய்விட்டேன். அந்தப் பானையைத் தூக்கி என் கையால் அவள் தலைக்கு மேலே கட்டுவதா? என் அப்பாவைச் சுற்றி வந்த மூன்று சுற்றும் நினைவுக்கு வந்தது. கச்சேரி வாசலில் என் பெஞ்சில் உட்கார்ந்து பஞ்சாட்சரம் சொல்லப் பார்த்தேன், நடுவே அறுந்து அறுந்து போனது. ஒரு பக்கம் சாமி குற்றம், இன்னொரு பக்கம் சாவுச் சகுனம். நடுவில் அவள் அடுப்படியில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மணி நாலுக்கு எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சகுனம் என்றைக்கோ வந்து கேட்கும். வெயில் இன்றைக்கே கேட்கிறது. நான் அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் முகம் சிவந்து, பேச்சு கொஞ்சம் குழற ஆரம்பித்திருந்தது. செம்புப் பாத்திரத்தை இறக்கிக் கண்ணில் ஒற்றி மாடத்தில் வைத்தேன். மண்பானையைக் கயிற்றில் கட்டித் தூக்கினேன். தண்ணீர் ஊற்றியதும் திரியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்று விழுந்தது. நான் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் வந்து தட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "காபித்தண்ணி போடவா?" என்றாள். உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அதில் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்றபடியே அலறினாள். திருவிழாவன்று தண்ணீர் ஊற்ற வராமல் போன குற்ற உணர்வு அவளுக்கு இருந்தது. அதற்காகவே சீக்கிரம் வந்திருந்தாள்.

"அய்யய்யோ அக்கா! என்னக்கா இது, வீட்டுக்குள்ள கொள்ளிக்கொடத்தக் கட்டி வச்சிருக்கீங்க!"

"ஆமாடி. வந்ததுதான் வந்தே, மூணு சுத்துச் சுத்திட்டுப் போ."

"சீ! வெளயாடுற பேச்சா இது? அண்ணே, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?"

"நான் சொல்லிப் பாத்துட்டேன் தங்கச்சி" என்றேன். அது உண்மைதான்.

அந்தக் கோடை முழுவதும் அந்தப் பெண் எங்கள் நிலைப்படியைத் தாண்டவில்லை. சந்துப் பெண்கள் வேறு யாரும் வரவில்லை. கிணற்றடியில் சன்னலைக் குளிப்பாட்டுகிற கேலி நின்றுபோனது. நான் வந்தால் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். அதைவிட அந்தக் கேலியே தேவலாம் என்று இருந்தது. ஆனால் பக்கத்து வீட்டுப் பெண் ஒன்று செய்தாள். உள்ளே வராமல், வெளியில் இருக்கிற தொட்டியில் மட்டும் யாரும் பார்க்காதபோது ஒரு குடம் ஊற்றிவிட்டுப் போவாள். கேட்டால் இல்லை என்பாள்.

கத்திரி பிறந்த அன்று செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஊருக்குப் போனேன். சொல்லாமல் கொடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்தேன். கருவறை வாசலில் நின்றதும் முடியவில்லை. குருக்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், துடைப்பத்து ஈர்க்கு உட்பட. அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆத்துல தொங்கவிட்டதை இங்க கொண்டுவந்து நீட்டறேளே! ஈர்க்குச்சியா! நல்லவேளை, சொன்னேள்."

"தப்புத்தான் சாமி. என்ன பரிகாரமோ சொல்லுங்க, செய்யறேன்."

அவர் என்னை வெயிலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். புண்ணியாகவாசனம் செய்து, மந்திரம் சொல்லிப் பாத்திரத்தில் தண்ணீர் தெளித்தார். "கிணத்துல தண்ணி கீழ போயிடுத்து. நீங்களே எறச்சு ரொப்புங்கோ. அதுதான் உங்களுக்குப் பரிகாரம்" என்றார். நான் இறைத்தேன். வீட்டிலும் இறைப்பு, இங்கேயும் இறைப்பு என்று மனசுக்குள் ஒரு சலிப்பு எழுந்ததை மறைக்கவில்லை. பாத்திரத்தை லிங்கத்துக்கு மேலே கட்டித் தர்ப்பையைச் செருகினார்கள். முதல் சொட்டு விழுந்தது. அதையாவது முகம் திருப்பாமல் பார்த்தேன்.

அவள் அந்தக் கோடையைத் தாண்டினாள். ஒரு மயக்கம்கூட இல்லை. அடுத்த கோடையையும் தாண்டினாள். பானை ஒரு கோடைக்கு மேல் தாங்காது, உப்புப் பூத்து, பாசி பிடித்து, துளை விரிந்துவிடும். ஒவ்வொரு பங்குனியிலும் புதுப் பானை. முதல் இரண்டு வருஷம் கொல்லைப் பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு ஆணியைத் திருகினேன், யாரும் பார்க்கக் கூடாது என்று. மூன்றாம் வருஷம் வாசலிலேயே உட்கார்ந்து செய்தேன். யார் பார்த்தால் என்ன, எனக்கு ஒளிந்துகொள்ளத் தெம்பு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதைத் தாண்டி ஒரு வருஷம் வீட்டுக்காரர் கரண்டு இழுத்துக் கொடுத்தார். நாங்களும் ஒரு மேசை விசிறி வாங்கினோம். அந்தப் பங்குனியில் நான் தட்டியை இறக்கவே இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் தட்டி கட்டியவனுக்குச் சுவரில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்பது மோட்சம் மாதிரி இருந்தது. பானைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போனபோது, "இனிமே வேண்டாம்மா" என்றேன். விசிறியை அவளுக்கு நேரே வைத்தேன். முதலில் தலைமுடி பறக்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சித்திரை மத்தியானம், இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

"ஏங்க, இத நிப்பாட்டுங்க. அடுப்ப ஊதி மூஞ்சில அடிக்கிற மாதிரி இருக்கு."

விசிறியில் கோளாறு என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. காத்து வேர்வையில பட்டாத்தாங்க குளிரும்" என்றார். வேர்வை. அந்த ஒன்றுதான் அவளிடம் இல்லை. வெந்து கிடக்கிற வீட்டுக் காற்றை எடுத்துக் காய்ந்த தோலில் அடிக்கிறது விசிறி, அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியில் ஒரு மரத்தடியில் விசிறியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. எழுந்திருக்கத்தான் மனசு வரவில்லை.

மறுநாள் பரணில் ஏறினேன். தட்டியை இறக்கினேன். பானைக்காரியைத் தேடிப் போனேன். "வேண்டாம்னீங்களே" என்றாள். எல்லாவற்றையும் கட்டி முடித்தபோது விசிறியைப் பார்த்து, இதை என்ன செய்வது என்று நான் நின்றேன். காற்றே அசையாத நாள். தட்டி நனைந்திருந்தும் உள்ளே ஒன்றும் வரவில்லை. அவள்தான் சொன்னாள்.

"அதத் தட்டிக்கு முதுகு காட்டி வைங்க. வெளிக் காத்தை அது இழுத்துக் குடுக்கட்டும்."

முக்காலியின் மேல், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைத்து ஓடவிட்டோம். ஈர வேர் வழியாக வந்த காற்றை விசிறி இழுத்து அவள் பக்கம் தள்ளியது. கச்சேரி அதிகாரிக்குக்கூட அப்படிக் குளிர்ந்திருக்காது. ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். அப்போது அவளுக்கு வயது கூடி, வெயில் தாங்காத உடம்பாகியிருந்தது.

"ஏங்க்கா, உள்ள வரலாமா?"

"பானை இருக்குடி."

"இருந்துட்டுப் போகுது. பத்து வருசமாத் தொங்குது, ஒங்கள ஒண்ணும் கொண்டு போகலையே" என்று சொல்லி, வந்து பானைக்கு நேர் கீழேயே முந்தானையை விரித்துப் படுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கும் அந்த அறையில் கொஞ்சம் கண் அசர இடம் உண்டு. விசிறிச் சத்தத்துக்கு நடுவிலும் மூங்கிலில் விழுகிற சொட்டு என் காதுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். எவ்வளவு அசந்து தூங்கினாலும் அது நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும். போன வாரமும் அப்படித்தான் எழுந்தேன். முதுகு தரையோடு ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

"படுங்க. செத்த நேரம் கழிச்சு ஊத்திக்கலாம்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சிவசிவா என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.